செயலாளரின் ஆண்டறிக்கை: ரெட்கிளோக் ஏடும் மற்ற விவரங்களும்

தலைவர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் பிரதி எப்படியும் போய்ச் சேரும். அவர்களைப் பற்றிய பகுதி எங்கே என்று தேட வேண்டாம். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது.

'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' என்ற குச்சி மனிதர் படக்கதையைப் படிக்கும் நம் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. புதிய வாசகர்களுக்கான அறிமுகக் கூட்டம் நடந்தது. ஓவியப் போட்டியும் நடந்தது. குச்சி மனிதர்களை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம் என்ற எண்ணம் அன்றோடு பலருக்குப் போனது. வினாடி வினா ஆள் சேராததால் தள்ளிவைக்கப்பட்டது. நிர்வாகக் குழு தேவைப்பட்டபோது கூடியது.

அடுத்து, ஆண்டின் முக்கியமான வேலை. இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டது என் காதுக்கும் வந்தது. அதனால் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு சுருக்கம். நாம் படிக்கும் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' ரிச் பர்லூ எழுதி வரையும் வெப்காமிக், அதாவது இணையத்தில் வரும் படக்கதை. 2003-இல் தொடங்கியது, 1200 பக்கங்களைத் தாண்டிவிட்டது. இதில் பெரிய வில்லன்கள் இரண்டு பேர். ஸைகான் செத்த பிறகும் நடமாடும் எலும்புக்கூட்டு மந்திரவாதி. அவனைப் பற்றி நம் வட்டத்தில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அவன் கெட்டவன், அது அவனுக்கும் தெரியும், அதில் அவனுக்குக் குஷிதான். சண்டையெல்லாம் அவனுடன் இருக்கும் பூசாரி ரெட்கிளோக்கைப் பற்றித்தான். அவன் கோப்ளின், கற்பனைக் கதைகளில் மனிதர்கள் ஒதுக்கிவைக்கும் இனம். அவன் ஏன் ஸைகானுக்குத் துணை நிற்கிறான்?

ஆண்டுத் தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு நம்மிடம் மூன்று கட்சிகள் இருந்தன. அவன் செய்வது நியாயம், அவன் இனத்துக்கு நடந்தது அநியாயம் என்பது முதல் கட்சி. அவன் போர்த்தியிருக்கும் சிவப்புப் போர்வைதான் அவனை ஆட்டிவைக்கிறது என்பது இரண்டாவது. கடைசியில் திருந்திவிடுவான், பொறுத்திருந்து பாருங்கள் என்பது மூன்றாவது. மூன்று கட்சியிலும் குரல் பெரிய ஆட்கள் இருந்தார்கள், ஆதாரம் வைத்திருந்தவர்கள் குறைவு. "எனக்கு அப்படித்தான் தோணுது" என்பதைக் கூட்டக் குறிப்பில் எத்தனை தடவைதான் எழுதுவது?

அதனால் ஒரு விதி கொண்டுவந்தேன். தியரி சொல்ல வருபவர் பக்க எண்ணையும் கட்டத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் ரெட்கிளோக் யாரிடம் பேசுகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படி வந்தவற்றை நான்கு பத்திகளாக எழுதிவைத்தேன்: என்ன சொன்னான், யாரிடம் சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான், அடுத்து என்ன செய்தான். இதுதான் ரெட்கிளோக் ஏடு. "கணக்குப்பிள்ளை வேலை" என்று கிண்டல் செய்தார்கள். இருக்கட்டும். மூன்றாவது பத்தி நிரம்ப நிரம்பக் கிண்டல் தானாகக் குறைந்தது.

உதாரணத்துக்கு, ஸைகானிடம் அவன் சொல்லியிருப்பது: உலகத்தையே விழுங்கக்கூடிய ஸ்னார்ல் என்ற பூதத்தை அடைத்துவைத்திருக்கும் வாசல்களில் ஒன்றைப் பிடித்து மந்திரச் சடங்கைச் செய்துவிட்டால், அது உன் கைக்குள் வரும். உண்மை வேறு. அந்தச் சடங்கு வாசலை நகர்த்தும் அதிகாரத்தைக் கோப்ளின்களின் தெய்வமான டார்க் ஒன்னுக்குத்தான் தரும். அதைக் காட்டி மற்ற தெய்வங்களை மிரட்டி, தன் இனத்துக்குப் பங்கு கேட்பதுதான் திட்டம். சடங்கில் பாதி பூசாரியின் வேலை, பாதி மந்திரவாதியின் வேலை. ஸைகானுக்குத் தன் பாதி மட்டும்தான் புரியும். ஸைகான் பக்கம் இருந்த, இரண்டு வித்தையும் தெரிந்த ட்சுகிகோ அதைப் படித்துப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் எழுப்பி வைத்திருந்த பிணங்களையே அவள்மேல் ஏவி ரெட்கிளோக் அவளைத் தீர்த்துக்கட்டுகிறான். நியாயக் கட்சிக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தால் மட்டும் ஏனோ தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள்.

ஆனால் அவர்கள் சொல்வதில் பாதியை ஏடும் ஒப்புக்கொள்கிறது. பாலடின்கள் எனப்படும் புனித வீரர்கள் அவன் ஊருக்குள் புகுந்து சின்னப் பிள்ளைகளைக்கூட விடாமல் வெட்டியது நடந்த விஷயம். செத்துக் கிடந்த தலைமைப் பூசாரியின் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ளும்போது அவனும் சின்னப் பையன்தான். அவன் குறை உண்மையான குறை, அதில் விவாதமே இல்லை. விவாதம் அதற்கு அடுத்த படியில்தான். குறை தீர ஒரு வழி எதிரே வந்து நிற்கும்போது அவன் என்ன செய்கிறான்?

வழி வந்தது. கதாநாயகர் குழுவில் இருக்கும் டர்கன், தோர் என்ற தெய்வத்தின் பூசாரி, குள்ளர் இனத்தவன், அவனிடம் வந்து பேசுகிறான். ஸ்னார்லை நிரந்தரமாக அடைக்க டார்க் ஒன்னின் சக்தி தேவைப்படுகிறது, நீங்கள் உதவினால் உங்கள் இனத்துக்கு வேண்டியதைத் தெய்வங்களிடம் கேட்டு வாங்கலாம் என்கிறான். ரெட்கிளோக் தன் வாழ்நாள் முழுக்கத் தெய்வங்களைப் பேச்சுக்கு இழுக்கத்தான் பாடுபட்டான். இப்போது பேச்சு அவன் வாசலுக்கே வந்திருக்கிறது. அவனோ மறுத்துவிட்டுத் தாக்குகிறான். இந்த இடத்தை நாம் இரண்டு கூட்டங்களில் கட்டம் கட்டமாகப் படித்தோம். சந்தேகப்பட அவனுக்குக் காரணம் உண்டு. டார்க் ஒன் மனிதனாக, மன்னிக்கவும், கோப்ளினாக வாழ்ந்த காலத்தில் சமாதானம் பேசப் போன இடத்தில்தான் கொல்லப்பட்டார். அதையும் எழுதிக்கொண்டோம். ஆனாலும் சந்தேகம் மட்டும் என்றால் யோசிக்க அவகாசம் கேட்டிருக்கலாம், நிபந்தனை போட்டிருக்கலாம், தன் தெய்வத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். எதுவும் செய்யவில்லை.

ஏன் என்பதற்கு விடை இணையத்தில் வந்த பக்கங்களில் முழுதாகக் கிடைக்காது. 2007-இல் அச்சில் வந்த முன்கதை நூல் 'ஸ்டார்ட் ஆஃப் டார்க்னெஸ்' அதற்கு வேண்டும். அதில் ரெட்கிளோக்குக்கு ஒரு தம்பி இருக்கிறான், ஒற்றைக் கண்ணன், ரைட்-ஐ என்று பெயர். போர்வை போர்த்தியவனுக்கு வயதாகாது. அதனால் அண்ணன் அப்படியே இளைஞனாக நிற்க, தம்பி நரைத்துக் கிழவனாகிறான். தம்பி கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு ஒரு வாழ்க்கையையும் பார்த்துவிட்டான். ஸைகானிடம் தன் இனத்தார் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பொறுக்க முடியாமல் கடைசியில் அவனைக் கொல்லத் துணிகிறான். அப்போது ரெட்கிளோக் தம்பியைக் கொன்று ஸைகானைக் காப்பாற்றுகிறான். ஸைகானுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. நடந்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறான்: இனி நீ என்னை விட்டுப் போகவே முடியாது, போனால் தம்பியைக் கொன்றது வீண் என்று ஆகிவிடும்.

செயலாளர் என்ற முறையில் என் முடிவு இதுதான், ஏடும் இதைத்தான் காட்டுகிறது. திட்டத்தில் நம்பிக்கை இருந்ததால் அவன் தம்பியைக் கொன்றான். கொன்ற பிறகோ, நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவனால் திட்டத்தை விட முடியவில்லை. விட்ட காசைப் பிடிக்க மறுபடி மறுபடி சீட்டைப் பிரிக்கச் சொல்பவனின் நிலைமை. டர்கன் சொன்ன வழியை ஏற்றால், இந்தத் திட்டம் இல்லாமலே காரியம் நடந்திருக்கும் என்று ஆகும். அதை ஒப்புக்கொண்டால் தம்பி எதற்காகச் செத்தான்? பாவம், டர்கனுக்குத் தம்பி ஒருவன் இருந்ததே தெரியாது. எதிரில் இருப்பவனிடம் எதைப் பேரம் பேசுகிறோம் என்று தெரியாமலே பேரம் பேசினான்.

போர்வைக் கட்சிக்கும் ஒரு பதில். போர்வை அவனுக்குத் திட்டத்தின் அறிவைக் கொடுத்தது, வயதை நிறுத்தியது. அதற்கு மேல் அது அவனை ஆட்டிவைக்கிறது என்றால், அஸூர் சிட்டி என்ற மனிதர்களின் நகரத்தை அவன் படை தாக்கிய போரை எப்படி விளக்குவது? அதுவரை தன் படையில் இருந்த, கோப்ளின்களுக்கு உறவான ஹாப்கோப்ளின் இன வீரர்களை அவன் ஆளாகவே மதித்ததில்லை; அலை அலையாகச் சாக அனுப்புகிறான். அவர்களில் ஒருவன் இவனைக் காப்பாற்றித் தான் சாகிறான். அந்த இடத்தில் ரெட்கிளோக்கின் மனம் மாறுகிறது; அதற்குப் பிறகு அவர்களைத் தன் ஆட்களாக நடத்துகிறான். அப்போதும் அதே போர்வைதான் தோளில் இருந்தது. மனம் அவனுடையது. திருந்துவான் கட்சியினர் இதைக் கேட்டுக் கைதட்டினார்கள். அவசரம். ஹாப்கோப்ளின் விஷயத்தில் தப்பை ஒப்புக்கொள்ள அவன் திட்டத்தைக் கைவிட வேண்டியிருக்கவில்லை, தம்பியின் சாவையும் தொட வேண்டியிருக்கவில்லை. அதனால் முடிந்தது.

ஏட்டில் இன்னும் நிரப்ப வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அஸூர் சிட்டியில் அவனும் ஒரு கண்ணை இழக்கிறான். கண்பட்டையோடு அவன் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் தம்பிதான் தெரிவானோ என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பக்க எண் இல்லாததால் சேர்க்கவில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அவர் இந்த ஆண்டுதான் சேர்ந்தவர், ஒரு கூட்டமும் தவறவில்லை, சந்தாவையும் முதல் மாதமே கட்டிவிட்டார். பழைய உறுப்பினர்கள் கவனிக்கவும்.

சரி, இப்போது அந்தப் பகுதி. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் சிலருடைய பெயருக்கு நேரே ஆண்டு முழுக்கக் கோடுதான். வேலை, குடும்பம், உடல்நிலை, எல்லோருக்கும் இருக்கிறது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் அடுத்த நாள் மட்டும் நீளமாக எழுதி அனுப்பி, முடிந்துபோன விவாதத்தை மறுபடி தொடங்குவது எப்படி முடிகிறது என்றுதான் புரியவில்லை. அதிலும் முன்கதை நூலைப் படிக்காமலே ரெட்கிளோக் திருந்துவான் என்று அடித்துச் சொல்கிறார்கள். படியுங்கள் என்றால், நூல் எங்கே என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானது. வட்டத்துக்குச் சொந்தமாக இருந்தது அதில் ஒரே ஒரு பிரதி. போன ஆண்டுக் கடைசியில் ஓர் உறுப்பினர் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார். இன்னும் வரவில்லை. நினைவூட்டினேன், பொருளாளரும் நினைவூட்டினார். பெயர் சொல்லப் போவதில்லை, பதிவேட்டில் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: போர்வைக் கட்சியின் முக்கியப் பேச்சாளர் அவர். எங்கள் கையில் இல்லாத நூலிலிருந்து எங்களுக்கே மேற்கோள் காட்டுகிறார். சரிபார்க்க வழியில்லாததால் அந்த மேற்கோள்களை ஏட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி, இருப்பு இருக்கிறது. ஏட்டுக்கான தாள், அச்சு வகையில் கொஞ்சம் போனது. அதில் ஒரு பகுதியை நானே ஏற்றுக்கொண்டேன், அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. சந்தா பாக்கிதான் பெரிய தலைவலி. 2012-இல் இந்தத் தொடரின் பழைய தொகுப்புகளை மறுபதிப்புச் செய்ய ஆசிரியர் கிக்ஸ்டார்ட்டரில் 57,750 டாலர் கேட்டார். ஏறத்தாழ 15,000 வாசகர்கள் சேர்ந்து 12.5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதே தொடரின் வாசகர்கள்தான் நாமும். நம் சந்தா அந்த அளவுக்கு இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைவர் அவர்களுக்கு நன்றி. எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார், பெரும்பாலான கூட்டங்களில் கடைசிவரை இருந்தார். பொருளாளருக்கும், கணக்கைச் சரிபார்த்தவருக்கும், கூட இடம் கொடுத்தவர்களுக்கும், நாற்காலி எடுத்துப் போட்டவர்களுக்கும் நன்றி. ஓவியப் போட்டிக்கு நடுவராக இருந்தவருக்குத் தனி நன்றி. அடுத்த முறை வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடலாம். தொடர் அதன் முடிவை நெருங்குகிறது. கடைசி வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். முடிந்த பிறகு தியரி சொல்ல யாராலும் முடியும். அதற்கு முன்னால் ஏட்டை முடித்து வைத்தால்தான் யார் சொன்னது பலித்தது என்று பார்க்கலாம். இதைத் தனி ஒருவர் செய்ய முடியாது. பக்கங்களைச் சரிபார்க்க ஒருவர், படி எடுக்க ஒருவர் தேவை. செயலாளர் பொறுப்பில் நான் போதிய காலம் இருந்துவிட்டேன், புதியவர் வந்தால் மனதார ஒப்படைக்கத் தயார். ஏட்டை மட்டும் நானே வைத்துக்கொண்டு முடித்துத் தருகிறேன் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன். புதியவர் யாரும் இதுவரை பெயர் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் இந்த ஆண்டும் நானே பார்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தேர்தலில் வாக்களிக்கச் சந்தா பாக்கி இருக்கக் கூடாது என்பது நம் விதி. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, கூட்டம் முடியும்வரை அவர் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். முன்கதை நூலைக் கொண்டுவந்து தருபவரிடம் தாமதத்துக்குக் காரணம் கேட்கப்பட மாட்டாது.

இப்படிக்கு,
செயலாளர்