38 என்று எழுதின பிளாஸ்டர்த் துண்டு

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை விடுதியில் எங்களோடு நின்ற எல்லாருக்கும்,

புற்றுநோயோடு நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. இரத்தம் தந்த பெடியள், சோறு கட்டித் தந்த அயலவர், காசு வாங்க மறுத்த ஓட்டோக்கார அண்ணை, இரவிரவாக நின்ற வைத்தியர்கள், 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை மட்டும் நடந்து இந்தப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்த முகந்தெரியாதவர்கள், எல்லாருக்கும் ஒரே கும்பிடு.

தனியாகச் சொல்ல வேண்டியது ஒரு தாதிக்கு. முதல் கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றுகிற மருந்து) ஏற்றித் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று தன் கைக்காசில் வாங்கிய தேர்மோமீற்றர் ஒன்றைத் தந்தார். கூட்டில் பிளாஸ்டர் ஒட்டி, சிவப்புப் பேனையால் 38 என்று எழுதியிருந்தது, செல்சியஸ் கணக்கில். கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் மட்டும் வட்டம் போட்டார்.

"அனேகமா இந்த நாளுகளிலதான் கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளைக் கலம் நல்லாக் குறையும். 38 காட்டினா பனடோல் போட்டுப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. காய்ச்சல் மறையும், கிருமி நிக்கும். குளிர் நடுக்கம் வந்தா, காய்ச்சல் இல்லாட்டியும் வாங்கோ. தேத்தண்ணி குடிச்ச உடன வாயில வைச்சுப் பாக்கக்கூடாது, அரை மணித்தியாலம் பொறுக்கவேணும். இங்க வந்தா வரிசையில நிக்காதேங்கோ. கீமோ ஏத்தி எத்தினையாம் நாள் எண்டு முதல் சொல்லுங்கோ."

வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும், அதுதான் கணக்கு. ஒன்பதாம் நாள் இரவு தேர்மோமீற்றர் 38.4 காட்டியது.

இங்கே அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் காய்ச்சல் பார்க்கிற சாமான் எத்தனை வீட்டில் இருக்கிறது? நெடுந்தீவுக்காரருக்கு அந்த ஒரு மணித்தியாலத்துக்கு முதலே ஒரு கடல் கிடக்கிறது. புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பணக்கார நாடுகளில் 80 வீதத்துக்கு மேல் சுகமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 வீதமும் இல்லை. மருந்து இல்லாததும், பிந்திக் கண்டுபிடிப்பதும், செலவு தாங்காமல் இடையில் விடுவதும் காரணம். தடுத்திருக்கக்கூடிய கிருமித்தொற்றும் அதற்குள் இருக்கிறது.

இன்னும் இரண்டு தேர்மோமீற்றர் வாங்கி, பிளாஸ்டர் ஒட்டி, 38 எழுதியாயிற்று. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கொண்டு வருகிறோம். நெடுந்தீவு அம்மா, ஒன்று உங்களுக்கு. கொப்பியையும் எடுத்து வாருங்கோ, வட்டம் போட வேண்டும்.