பிழைத்தவர்களின் மறதிக்கும் மருத்துவம் வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். மளிகைக் கடை நடத்தும் என் அண்ணன், செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உடலின் உறுப்புகளையே பாதிக்கும் நிலை) வந்து வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்தவர். நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் சாமான் கேட்டால் திணறிப்போகிறார். பற்று நோட்டு அண்ணியின் கைக்குப் போய்விட்டது. சோம்பல், அசட்டை என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பும்போது எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் மருத்துவக் குழு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 821 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து நினைவாற்றலையும் சிந்திக்கும் திறனையும் சோதித்தபோதும், மூன்றில் ஒருவருடைய மதிப்பெண் தலையில் மிதமான காயம் பட்டவருடையதைப் போல இருந்தது. சிகிச்சையின்போது சித்தக்குழப்பம் நீடித்தவர்களுக்குப் பாதிப்பும் கூடுதல். இளையவர்களும் தப்பவில்லை.

இதற்குக் கணினிவழிப் பயிற்சி வந்திருக்கிறது. கவனத்தையும் நினைவையும் சோதிக்கும் விளையாட்டுகள் திரையில் வரும். ஆள் தேறத் தேறக் கடினமாகும். வரவேற்கிறேன். ஆனால், தயவுசெய்து டேப்லெட் வாங்கும் டெண்டரிலிருந்து தொடங்காதீர்கள். (நம் அலுவலகங்களில் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, அங்கேயே முடிந்தும்விடுகிறது.) திரையில் படம் பொருத்தத் தேறியவர் கடைக்கணக்கிலும் தேறுவார் என்பது நிச்சயமில்லை. அதே வாண்டர்பில்ட் குழு 2012-இல் வெளியிட்ட 21 பேர் கொண்ட சிறிய சோதனையில், 12 வார காலம் பயிற்சி வீட்டிலேயே நடந்தது. செய்கிற வேலையைச் சற்று நிறுத்தி, யோசித்து, படிப்படியாகச் செய்யப் பழக்கினார்கள், உடற்பயிற்சியும் சேர்ந்திருந்தது. பயிற்சி பெற்றவர்களின் திட்டமிடும் திறன் மேம்பட்டது.

வீடு தேடிப் போக உங்களிடம் ஆள் இருக்கிறார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்குப் போகிறார்களே! அவர்களுக்கு இந்தப் பயிற்சியையும் கற்றுக்கொடுங்கள். மென்பொருள் தமிழில் பேச வேண்டும்; அதில் அரிசி விலையும் பஸ் நேரமும் மாத்திரை வேளையும் வர வேண்டும்.

முதலில் ஒரே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடத்திப் பாருங்கள். வென்டிலேட்டரிலிருந்து மீண்டவருக்கு, வீடு திரும்பும்முன் ஒரு முறையும் மூன்றாம் மாதம் மறுபடியும் நினைவாற்றல் சோதனை. முடிவை டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் எழுதி, குடும்பத்தாரிடம் வாசித்துக் காட்டுங்கள். இதற்கு டெண்டர் தேவையில்லை.

இப்படிக்கு,
மீண்டு வந்த ஒருவரின் தங்கை