செயலாளரின் ஆண்டறிக்கை: மாநகராட்சி வரவு செலவுத் திட்டமும் நம் பகுதிச் சேவை மையங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களில் பலர் வேலைக்குப் போகும் இளம் தாய்மார்கள். சங்கத்தின் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு இந்தப் பொதுக்குழு அஞ்சலி செலுத்துகிறது.

நம் உழைப்பில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குப் போனது. முதியோர் பகல்நேர மையம், பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாலை மையம், வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடம் ஆகிய மூன்றும் மாநகராட்சி நிதியில்தான் நடக்கின்றன. வரவு செலவுத் திட்டத்தின் வரைவு வெளியானபோது முதியோர் மையத்துக்கென்று இருந்த தனித் தலைப்பைக் காணவில்லை. பல பக்கங்கள் தள்ளி, ‘இதர சமூகநலச் செலவினங்கள்’ என்ற ஒற்றை வரிக்குள் அது சேர்க்கப்பட்டிருந்தது. நிதியைக் குறைத்ததாக எங்கும் எழுதவில்லை. ஆனால் தனித் தலைப்பு போய்விட்டால், இந்தப் பணம் இந்த மையத்துக்குத்தான் என்று உரிமையோடு கேட்க ஆதாரம் இருக்காது. ஆண்டின் நடுவில் அதை வேறு செலவுக்குத் திருப்பிவிடுவதும் சுலபம்.

அதன்பிறகு நம் நிதி ஆய்வுக் குழு பழைய திட்டப் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒதுக்கீடு, ஆண்டின் இடையில் திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்ற மூன்று கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மாலை மையத்தின் நிலை புரிந்தது. ஒதுக்கீடு குறையவே இல்லை. செலவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அதைவிடக் கீழேயே நின்றது. காரணம், ஒதுக்கிய பணத்தின் இரண்டாம் தவணை நிதியாண்டு முடியும் தறுவாயில்தான் வந்து சேருகிறது. அதுவரை பராமரிப்பாளர்கள் சம்பளம் பாக்கியோடு வேலை பார்க்கிறார்கள். காலியான பணியிடத்துக்கு ஆள் எடுக்க முடிவதில்லை. மீந்த பணம் காலாவதியாகி நகரக் கணக்குக்கே திரும்புகிறது. அடுத்த ஆண்டு, “கொடுத்ததையே செலவழிக்கவில்லையே, கூடுதலாக எதற்கு?” என்ற கேள்வி வருகிறது. திட்டம் வாசிக்கப்படும் நாளன்று ஒதுக்கீட்டுத் தொகையைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வந்தால் போதாது, பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பதே செயற்குழுவின் உறுதியான கருத்து.

மாலை மையத்தின் நேரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனையும் இடையில் வந்தது. அந்த மையத்தின் வருகைப் பதிவேட்டில், பிள்ளையை யார், எத்தனை மணிக்கு அழைத்துப் போனார் என்று எழுதிக் கையெழுத்திடும் கட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே மூடும் நேரம்தான் இருந்தது; சிலவற்றில் அதையும் தாண்டிய நேரம். பெயர்களை மறைத்து அந்தப் பக்கங்களை நகலெடுத்து மனுவோடு இணைத்தோம். நம் நீண்ட வாதங்களைவிட அந்தக் கட்டம் மாநகராட்சி மன்ற உறுப்பினர்களிடம் அதிகம் பேசியது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றி வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். வரைவு அச்சாகி, நிலைக்குழு ஒப்புதலும் ஆன பிறகே மக்களை அழைத்தார்கள். இங்கிலாந்தில் கன்னிங் என்பவர் ஒரு நகர மன்றத்தின் மீது தொடுத்த வழக்கு, மக்களிடம் கருத்துக் கேட்பதற்கு 1985-இல் நெறிகள் வகுத்தது: யோசனை உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், காரணங்களைச் சொல்ல வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த கருத்துகளை மனதார ஆராய வேண்டும். லண்டனின் ஹாரிங்கே நகர மன்றம் ஏழைகளுக்கான வரிச் சலுகையைக் குறைத்தபோது, வேறு வழிகளும் இருந்தன என்பதை மக்களிடம் சொல்லவில்லை. அதனால் அந்தக் கருத்துக்கேட்பு சட்டப்படி செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய முறையில் பகுதி மக்கள் கூடித் தங்கள் முன்னுரிமைகளைச் சொன்ன பிறகுதான் முதலீட்டுத் திட்டமே எழுதப்பட்டது. நாம் கேட்பதும் இந்த வரிசையைத்தான்.

நகரத்திடம் பணமே இல்லாத காலமும் வரும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம், சட்டப்படி கட்டாயமானவை தவிரப் புதிய செலவு எதையும் செய்ய இயலாது என்று அறிவித்தது. அடுத்து வந்த திட்டத்தில் இளைஞர் சேவையும் நூலகங்களும் வெட்டுக்கு உள்ளாயின. சட்டம் கட்டாயப்படுத்தாத, அல்லது எவ்வளவு தர வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொல்லாத சேவைகள்தான் பெரும்பாலும் முதலில் அடிபடுகின்றன. நம் மூன்று மையங்களும் அந்த வகையில் வருபவை.

நன்கொடை திரட்டி நாமே மையங்களை நடத்தலாமே என்று சில உறுப்பினர்கள் நல்ல மனதோடு சொன்னார்கள். செயற்குழு ஏற்கவில்லை. நன்கொடை வராத ஆண்டிலும் மையம் திறந்திருக்க வேண்டும். ஒருமுறை நாம் தலையில் ஏற்றிக்கொண்டால், அந்தத் தலைப்பு திட்டப் புத்தகத்துக்குத் திரும்பி வராது.

இறுதி வாக்கெடுப்பில் முதியோர் மையத்தின் தனித் தலைப்பு மீண்டது. மாலை மையத்தின் நேரமும் குறையவில்லை. இரவுத் தங்குமிடத்தில் மட்டும் நம் கோரிக்கை தோற்றது. இரண்டாவது இரவுப் பணியாளர் இடம் நீக்கப்பட்டுவிட்டது. நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால், இருக்கும் ஒரே பணியாளர் அவரோடு மருத்துவமனைக்குப் போவாரா, மற்றவர்களோடு இருப்பாரா? இந்தக் கேள்விக்கு மன்றத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. இதை நாம் விடப்போவதில்லை.

வரும் ஆண்டில், துறைகள் தங்கள் மதிப்பீடுகளை நிதிப் பிரிவுக்கு அனுப்பும் முன்பே நம் கோரிக்கை அங்கே சேர வேண்டும். தவணைத் தேதிகளை எழுத்தில் தரவும், காலாண்டுச் செலவு விவரத்தை வெளியிடவும் கோரும் தீர்மானங்கள் இன்று உங்கள் முன் வருகின்றன. கணக்கு படிக்கத் தெரிந்தவர்கள் ஆய்வுக் குழுவுக்குப் பெயர் கொடுங்கள். தெரியாதவர்களுக்குக் குழுவே கற்றுத்தரும். பதிவேடுகளைத் திறந்து காட்டிய மையப் பணியாளர்களுக்கும், மனுவில் கையெழுத்திட்ட குடும்பங்களுக்கும் சங்கத்தின் நன்றி.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்