தம்பியின் மாத்திரை ஒரு நாளும் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

வணக்கம்.

சிறையில் இருந்தபோது என் தம்பிக்கு வந்த காசநோய் குணமாகிவிட்டது. ஆறு மாத மருந்தும் முடிந்து, கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அவன் மேல் உள்ள வழக்கு இன்னும் நடக்கிறது, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. அவன் உடம்பைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் எழுத வேண்டாம் என்றார்கள்.

முதல் நன்றி, மனு பார்க்கும் வரிசையில், அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்க மனு கொடுத்துவிட்டு நிற்கும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற அக்காவுக்கு. "உன் தம்பி ராத்திரி பூரா இருமுறானாம், எங்க வீட்டுக்காரர் சொன்னார்" என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் "நல்லா இருக்கேன்க்கா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வான்? உங்கள் கணவர் தன் போர்வையையும் அவனுக்குக் கொடுத்தாராம். அவருக்கும் சீக்கிரம் நல்லது நடக்கட்டும்.

அப்போது அவனுக்குக் கிடைத்ததெல்லாம் இருமல் டானிக்கும் காய்ச்சல் மாத்திரையும்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தும், போலீஸ் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று தள்ளிக்கொண்டே போனது. கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறதாம். நீங்கள் சொல்லும்வரை, இலவச வக்கீல் என்றால் பேருக்கு வந்து நிற்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் மனுத் தாக்கல் செய்தீர்கள், நீதிமன்றம் உத்தரவு போட்டது, அந்த வாரமே எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் நடந்தன. கூட வந்த இரண்டு காவலர்கள் வெயிலில் வரிசையில் நிற்க வைக்காமல் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

நோய் உறுதியானதும் சிறை மருத்துவர் அவனைத் தனியாகப் படுக்க வைத்ததோடு நிறுத்தவில்லை. அதே பிளாக்கில் இருந்த அத்தனை பேருக்கும் பரிசோதனை செய்ய வைத்தார். நெருக்கிப் படுக்கிற இடத்தில் ஒருவன் இருமினால் போதுமே.

எல்லாரையும்விட அதிகம் கடன்பட்டிருப்பது அங்கே மருந்து கொடுக்கும் பார்மசிஸ்ட் ஐயாவிடம். காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. நடுவில் விட்டால் நோய் திரும்பி வரும், மருந்துக்கும் கட்டுப்படாமல் போகலாம். மூன்றாவது மாதம் ஜாமீன் கிடைத்தது. நாங்கள் சந்தோஷத்தில் அவன் துணிமணியைத்தான் யோசித்தோம், மாத்திரையை நினைக்கவே இல்லை. அவர் நினைத்தார். சாயங்காலம் வெளியே வந்தவன் கையில் மாத்திரையும் சிகிச்சை அட்டையும் இருந்தன. காசநோயாளிகளுக்கான அரசின் கணினிப் பதிவான நிக்‌ஷய் பதிவையும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியிருந்தார். மறுநாள் காலை அங்கிருந்தே எங்களுக்குப் போன் வந்துவிட்டது! அங்குள்ள சுகாதாரப் பணியாளர் எங்கள் வீட்டுக்கே வந்து எங்கள் எல்லாரையும் பரிசோதித்தார். ஊட்டச்சத்துக்கு அரசு மாதாமாதம் தரும் 1,000 ரூபாயும் அவன் கணக்கில் ஏற ஓடியாடினார். அதில்தான் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கினோம்.

மனு பார்க்கும் வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: உள்ளே இருப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சும்மா இருக்காதீர்கள். வக்கீல் இல்லாவிட்டால் இலவச சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, வீட்டு வரி ரசீதோடு வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்ட டீக்கடை மாமாவுக்கு. சொந்தக்காரர்களே ஒதுங்கிக்கொண்டபோது நீங்கள் வந்தீர்கள். அடுத்த வாய்தாவுக்கும் அவனை நானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். உங்களுக்கு எந்த வம்பும் வராது மாமா.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா