டாக்டர் வெங்கடசாமியை நினைத்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி படிப்பை நல்லபடியாக முடித்த செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், இரண்டு கண்களிலும் புரை முற்றிப்போயிருக்கும் உங்கள் அத்தையைப் பற்றி, "எண்பது வயதுக்கு மேல் ஆபரேஷன் எதற்கு, இருக்கிற பார்வையோடு காலத்தைத் தள்ளட்டும்" என்று வீட்டில் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் நினைவாகவே இருக்கிறேன். வயதானவர்களின் பார்வையைப் பற்றி ஊரே இப்படிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பேச்சுக்கு எதிராகத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் அவர்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற சிற்றூரில் 1918-ல் பிறந்து, ஆற்று மணலில் எழுதிப் பழகி, 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று எண்ணியிருந்தார். முப்பது வயதை ஒட்டி வந்த கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளி, கைவிரல்களை நிரந்தரமாகக் கோணலாக்கிவிட்டது. பேனா பிடிப்பதே பாடாக இருந்த அந்த விரல்களைக் கொண்டுதான் கண் மருத்துவம் படித்தார். தம் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகி, பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை சிகிச்சை செய்தார். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தியவர், 1976-ல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றதும் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. திருமணம் செய்துகொள்ளாத அவர், தம் உடன்பிறந்தவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் வளர்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அவரிடம் நான் மிகவும் மதிக்கும் இடம் வேறு. சிகிச்சை இலவசம் என்று அறிவித்த பிறகும் பார்வையிழந்த முதியவர்களில் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் உடனிருந்தவர்களும் ஊர் ஊராகக் கேட்டறிந்தார்கள். பஸ் கட்டணத்துக்குப் பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டும். துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகும். போன இடத்தில் யார் சோறு போடுவார்கள். கண்ணில் கத்தி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடுமோ என்ற பயம் வேறு. இவ்வளவையும் நோயின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு அவர்கள் மருந்து கண்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்திப் பரிசோதித்து, புரை உள்ளவர்களை அன்றே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சாப்பாடு போட்டு, சிகிச்சை முடிந்ததும் ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறகு மறுபரிசோதனைக்கும் அந்த ஊருக்கே வந்தார்கள்.

எங்கள் பெரியம்மா அப்படி ஒரு பேருந்தில் போய் வந்தவர். அதற்கு முன்பு வாசற்படியைக் காலால் தடவித்தான் தாண்டுவார். அடுப்பங்கரைப் பக்கம் வரவேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டதால், திண்ணையே அவருடைய உலகமாகிவிட்டிருந்தது. ஊர் திரும்பிய சில நாட்களில், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினார். பொறுக்கிய கற்களைத் தனியே ஒரு கிண்ணத்தில் சேர்த்துவைத்து, வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். மருமகளுக்கு அதில் சற்று வருத்தம்தான். ஆனால் வீட்டில் பெரியம்மாவின் பேச்சு அன்றிலிருந்து மறுபடியும் எடுபட்டது.

அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது உடைந்தால் மறுபடியும் இருட்டுத்தான். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வந்தபோது, வெளிநாட்டு விலையில் அது ஏழைகளுக்கு எட்டாது என்பதால், 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, விலையைப் பெருமளவு குறைத்தார்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து, பரிசோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பணம் கொடுக்க முடிந்தவர்களின் கட்டணம் முடியாதவர்களின் சிகிச்சைக்கு உதவியது. இந்த ஏற்பாட்டை அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்தார்கள். எங்கும் ஒரே தரத்தில் ஏராளமானவர்களுக்கு உணவு தரும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களோடு மேலாண்மை அறிஞர்கள் ஒப்பிட்டு எழுதினார்கள். அந்த ஒப்பீட்டை டாக்டரே விரும்பிச் சொல்வார். அவர்கள் எழுதியது சரிதான். ஆனாலும் எண்ணிக்கையையும் செலவையும் மட்டும் வியப்பவர்கள், ஒரு கிழவிக்குப் பஸ் கட்டணம் இல்லை என்பதை நோயாகப் பார்த்த அந்த மனத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

2006 ஜூலை 7-ஆம் தேதி, எண்பத்தேழாவது வயதில் அவர் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கப்பட்ட சிறு பார்வை மையங்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே பரிசோதித்து, இணையம் வழியாகத் தொலைவில் உள்ள மருத்துவரிடம் காட்டி ஆலோசனை பெறலாம். நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

ஆகவே அத்தையின் விஷயத்தில் தள்ளிப்போட வேண்டாம். புரைக்கு வயது ஒரு தடையே இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால், பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து குறைந்த நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். மாறாக, புரை அளவுக்கு மீறி முற்றவிட்டால் கண்ணின் அழுத்தம் கூடி, வலியோடு பார்வையும் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இதை வீட்டில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். முதலில் ஒரு கண்ணுக்குச் செய்யட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட ஓர் ஆள் வேண்டும், அதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லை என்பதுதான் தயக்கம் என்றால், தேதியை எழுதுங்கள்; நானே வந்து உடன் இருக்கிறேன். அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்