மானமிலாப் பன்றியைச் சொல்லுங்கள்: உபன்யாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உபன்யாசகப் பெரியோர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் பேத்தியைத் தசாவதார உபன்யாசம் ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். பேசியவர் நன்கு கற்றவர், குரல்வளம் உள்ளவர். நீரில் மீன், நீரிலும் நிலத்திலும் ஆமை, நிலத்தில் பன்றி, பாதி மனிதனாக நரசிம்மம், குள்ள மனிதன், கோடரி ஏந்திய மனிதன், முழு மனிதன் என்று அடுக்கிக்கொண்டே போய், டார்வின் 1859இல் எழுதியதை நம் முன்னோர் என்றோ சொல்லிவிட்டார்கள் என்று முடித்தார். மண்டபமே கைதட்டியது. வீடு திரும்பும் வழியில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, மீனாக இருந்தபோது பெருமாள் சரியாக வளரவில்லையா?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவதாரம் என்றால் இறங்கி வருதல். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு ஏன் அதை ஏறிப்போகும் படிக்கட்டாகக் காட்டுகிறீர்கள்? பிரளய வெள்ளத்தில் ஓடத்தை இழுக்க மீன் வேண்டியிருந்தது. கடலில் அமிழ்ந்த மந்தர மலையைத் தாங்க ஆமையின் முதுகு வேண்டியிருந்தது. மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை என்று வரம் வாங்கியவனுக்கு எதிரே இரண்டுமல்லாத ஓர் உருவம் தூணைப் பிளந்து வந்தது. வந்த காரியம் எதுவோ அதற்கேற்ற திருமேனி. வாமனன் அரைகுறையாக வளர்ந்த மனிதனா? மூவுலகையும் ஈரடியில் அளந்தவன் அல்லவா? பரசுராமரோ வில் முறித்துத் திரும்பும் ராமரை வழிமறித்து நேருக்கு நேர் நிற்கிறார். பாகவதம் பத்தோடு நிற்கவும் இல்லை. வற்றாத ஏரியிலிருந்து பிரியும் ஆயிரம் வாய்க்கால்களைப் போல அவதாரங்கள் எண்ணற்றவை என்கிறது.

டார்வின் சொன்னதும் ஏணி இல்லை, கிளைவிடும் மரம். அதை உயிரியல் ஆசிரியர் சொல்லிக் கொடுக்கட்டும். பெருமாளுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

ஆண்டாள் எதைக் கண்டு உருகினாள் என்று பாருங்கள். பாசி படிந்து கிடந்த பூமிப்பிராட்டிக்காக "மாசுடம்பில் நீர்வாரா மானமிலாப் பன்றியாம் தேசுடைய தேவர்" என்கிறாள். உடம்பெல்லாம் அழுக்கு, அதிலிருந்து வழியும் நீர், அதைப் பற்றிய வெட்கமே இல்லாத ஒரு பன்றி. அடுத்த சொல்லே தேசுடைய தேவர்! சேறும் ஒளியும் அவளுக்கு ஒரே மூச்சில் வருகின்றன. மாமல்லபுரம் வராகக் குகையில் பல்லவச் சிற்பியும் இதைத்தான் கண்டிருக்கிறான். தூக்கிய தொடைமேல் பூமிப்பிராட்டி, அவள் பக்கமாகத் திரும்பிய பன்றி முகம். எத்தனை பரிவு அந்த மூக்கில்! அங்கே நின்று பார்த்த எவருக்கும் அது வளர்ச்சியின் மூன்றாம் படி என்று தோன்றாது.

மதுரைக்காரனான எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிறார் அழகர். அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் கோலம். மச்சமாக, கூர்மமாக, ராமராக, கிருஷ்ணராக வருகிறவர் ஒரே அழகர்தான். பத்தின் பட்டியலில் இல்லாத மோகினியாகவும் வருகிறார். கண்விழித்துக் காத்திருக்கும் பெண்கள் மச்சக் கோலத்துக்கும் அதே கன்னத்தில்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வராகம் வரும்போது அந்தப் பாசுரத்தைச் சொல்லுங்கள். மானம் பாராமல் சேற்றில் இறங்கியது யாருக்காக என்று நிறுத்தி, நிதானமாகச் சொல்லுங்கள். என் பேத்தியை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

பணிவன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு தாத்தா