செயலாளர் ஆண்டறிக்கை: சவ்வுக்கால் பல்லி ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சாவி கிடைக்காமல் மண்டபத்து வாசற்படியில் உட்கார்ந்து பேசியதையும் கூட்டமாகவே குறித்திருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டுக்கு ஓர் உயிரைப் பற்றிப் பேசிப் படிப்பது என்ற நம் வழக்கப்படி சென்ற பொதுக்குழு தேர்ந்தெடுத்தது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்துச் சவ்வுக்கால் பல்லியை. "யானை, புலியெல்லாம் இருக்க, பல்லிக்கு ஒரு வருஷமா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அப்புறம் ஒரு கூட்டம் விடாமல் வந்தவரும் அவர்தான்.

ஜெர்மன் நிலவியலாளர் பால் ராங்கேயின் பெயரை இதற்குச் சூட்டி 1908-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஸ்வீடன் விலங்கியலாளர் ஆண்டர்சன். நமீபியாவின் அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டிய மணல்மேடுகள்தான் முக்கிய இருப்பிடம். நம் வீட்டுப் பல்லி சுவரில் ஒட்டுகிற விரல்களோடு இருக்கிறது. இதற்கோ வாத்துக்கால் போல விரல்களுக்கு நடுவே சவ்வு. மணலில் புதையாமல் நடக்கத்தான் என்று நாங்களும் முதலில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அதன் பெரிய வேலை மண்வெட்டி வேலை: பகல் வெயிலுக்கு வளை தோண்டுவது. இருட்டியதும் வெளியே வந்து பூச்சி, சிலந்தி பிடிக்கும்.

தண்ணீர்க் கதையைக் கேட்டபோதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அங்கே மழை அபூர்வம். ஆனால் கடலோரம் ஓடும் பெங்குவேலா குளிர் நீரோட்டத்தால் மூடுபனி பாலைவனத்துக்குள் வரும். பல்லியின் உடம்பிலும் பெரிய கண்களிலும் அது துளித்துளியாகப் படியும். மூடித் திறக்கும் இமை கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைக்கும். தூசியும் போயிற்று, தாகமும் தீர்ந்தது. நம் வீட்டுப் பல்லியும் கண்ணை நக்கும்தான், ஆனால் அதற்குக் குளியலறை இருக்கிறது.

2021-இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. புற ஊதா ஒளியில் இதன் கண்ணைச் சுற்றியும் விலாவிலும் பச்சைக் கோடு ஒளிர்கிறது. தோலிலுள்ள நிறச் செல்களின் வேலை அது. கோடு விலாவில் தாழ்வாக இருப்பதால் மேலிருந்து பார்க்கும் எதிரிக்குத் தெரியாது, இன்னொரு பல்லியின் கண் மட்டத்துக்குத் தெரியும். நிலவொளியில் ஒன்றையொன்று அடையாளம் காண உதவலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி மண்டபத்துச் சுவர்ப் பல்லிமேல் அடித்தோம். ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கம் கல்லைப் புரட்டியதும் ஒரு தேள் நீலப்பச்சையாக மின்னியது, பொருளாளர் படியேறிவிட்டார்.

சந்தா பாக்கி வழக்கம்போல. அடுத்த ஆண்டுக்கான உயிரை இன்றே முடிவு செய்ய வேண்டும். மேற்படி டார்ச் யாரிடம் இருக்கிறதோ, தயவுசெய்து திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்